பெக்கம் மக்களின் மருத்துவர் ஹெரால்டு மூடி

பிற நாட்டிலிருந்து வந்து குடியேறியவரைக் குறிக்க நம் மொழியில் இருவகைச் சொற்கள் உண்டு. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், புலம்பெயர்ந்து வந்த பன்மொழி மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தாரோடு கலந்து இனிது வாழ்ந்ததை அந்நகரின் பெருமைகளுள் ஒன்றாக வைத்துப் பாடினார். பின்னாளில் வந்தேறி என்றொரு சொல்லும் வழக்கில் புகுந்தது. முன்னதில் வரவேற்பு உண்டு. பின்னதில் வெறுப்பு உண்டு. இவ்விரண்டையும் ஒரே நகரில் பெற்று வாழ்ந்த மருத்துவர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்பினேன். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில் பிறந்து, தென்கிழக்கு இலண்டனில் பெக்கம் என்னும் உழைக்கும் மக்கள் பகுதியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குடும்ப மருத்துவராகத் தொண்டாற்றி மறைந்த டாக்டர் ஹெரால்டு அருண்டெல் மூடி (1882 - 1947) அவர். இலக்கிய வட்டத்து மலரில் மருத்துவர்க்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். கட்டுரையின் இடையில் அதற்கு விடை கிடைக்கும்.

அவருடைய குடும்பப் பெயரைத் தமிழெழுத்தில் எழுதும்போது குடத்து மூடி நம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. பெயருக்கும் மனிதருக்கும் பொருத்தமே இல்லை என்பதை மேலே படிப்போர் உணர்வர்.

1882ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் மூடி பிறந்தார். அத்தீவில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1838இல். அவர் பிறந்தபோது, அடிமைகளாய் இருந்தவர் பலர் முதியோராய் இன்னும் உயிரோடு இருந்தனர். தந்தையார் சார்லஸ் எர்னஸ்ட் மூடி மருந்துக்கடை வைத்திருந்தார். ஆறு மக்களுள் ஹெரால்டே மூத்தவர். உல்மர் பள்ளியில் பயின்றார். தந்தையின் கடையிலும் உழைத்தார். மருந்துகளின் பெயரும் அளவும் அங்கேயே அவருக்குப் பழகிவிட்டன. கிறித்தவச் சபையிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார். அப்பற்று வாழ்நாள் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. மருத்துவம் கற்க வேண்டும் என்ற வேட்கை எழுந்ததும், 1904இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்று.

குடியேற்ற நாடுகளின் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு இங்கிலாந்து தாய்நாடு என்றே கற்பிக்கப்பட்டது. மூடியும் அவ்வாறே நம்பி வந்தவர். தாய்வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு முதலில் கிடைத்த பாடம், தங்குவதற்கு ஓர் அறை கிடைப்பதே அரிது என்பது. வாடகைக்கு அறை உண்டு என்று பலகை தொங்கும் வீடுகளின் கதவைத் தட்டுவார், கதவு திறக்கும், முகத்தைக் கண்டதும் அறை இல்லை என்ற விடை வரும். பல நாள் அலைந்த பின்னரே தலைசாய்க்க இடம் கிடைத்தது. அவர் பிற்காலத்தில் தம் வீட்டை நடத்திய முறைக்கு இந்நாள்களே வித்தாயின என்பது என் கருத்து.

கிங்ஸ் கல்லூரியில் படிப்பு சிறப்பாக நடந்தது. பரிசுகள் பல பெற்றார். 1910இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். அதன் பின்னர் நேர்ந்தவைதாம் இவ்வரலாற்றின் கரு.

தாம் பயின்ற கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையில் பணிக்கு வேண்டினார். தகுதியில் குறை காண யாராலும் இயலவில்லை. ஆயினும் அங்கிருந்த மேட்ரன், கறுப்பின மருத்துவர் ஒருவர் தம் மருத்துவமனையில் பணியாற்றுவதை ஏற்க மறுத்தார்; பணி கிடைக்கவில்லை. அடுத்து, கேம்பர்வெல் பகுதியின் ஏழையர் காப்புக் குழுவுக்கு விண்ணப்பித்தார். அன்றைய இங்கிலாந்தில் வறியோர்க்கு உதவி வழங்கும் சட்டப்படியான அமைப்பு அது. ஏழைகளைப் பார்ப்பதற்கென மருத்துவர்களை அமர்த்தும். விண்ணப்பித்தவர்களுள் மூடியே தகுதியில் சிறந்தவர் என்பதைக் குழுவினர் ஒப்புக்கொண்டனர். ஆனால் ஏழை மக்கள் கறுப்பர் ஒருவரிடம் மருத்துவம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று காரணம் காட்டித் தள்ளிவிட்டனர். அவர்கள் பயன்படுத்திய சொல் இங்கே எழுதத் தக்கதன்று.

இந்த மறுப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். மேட்ரன் தம் வெறுப்பைத் தம் வெறுப்பாகவே காட்டினார். குழுவினரோ தம் வெறுப்பை ஏழைகளின் வாயில் வைத்துப் பேசினர். ஏழைகளை யாரும் கேட்கவில்லை. நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை, மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று பதவியில் இருப்போர் சொல்லும் மொழி நம் நாட்டிலும் கேட்டுப் பழகியதே. மூடி அதற்கு எதிர்ப்புரை எழுதவில்லை. அந்த ஏழைகள் வாழும் தெருவிலேயே போய்த் தம் பெயர்ப்பலகையை மாட்டினார்.

1913ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பெக்கத்தில் கிங்ஸ் சாலை 111ஆம் எண் வீட்டில் அவருடைய மருத்துவப் பணி தொடங்கிற்று. அவ்வாண்டு மே மாதம் ஆலிவ் மேபெல் டிராண்டர் என்னும் ஆங்கிலச் செவிலியை மணந்தார். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளை நான்காக எண்ணுகிறார்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து மருந்தை இயற்றித் தருபவர். மூடியின் வாழ்வில் மருந்து தந்தையார் கடையிலிருந்தே உடன் வந்தது, இயற்றுவோர் மனைவி வடிவில் வந்தார், தீர்ப்பவர் அவரே. நான்காம் கூறாகிய நோயுற்றவர் வருவாரா என்பதே கேள்வி. வரமாட்டார் என்று ஒரு குழுவே முடிவு செய்திருந்தது.

வந்தனர். முதலில் ஒருவர் இருவராகவும், பின்னர்க் கூட்டமாகவும் வந்தனர். பெக்கத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். கறுப்பினத்தவரைக் கண்டே அறியாதவர் பலர். தம் கைக்குழந்தையை அவர் கையில் கொடுக்கத் தயங்கிய தாய்மாரும் இருந்திருப்பர். ஆனால் நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சு முட்டும்போது, கதவைத் தட்டினால் எழுந்து வரும் மருத்துவர் யார் என்பதே தாய்க்கு வேண்டுவது.

அன்றைய மருத்துவ ஏற்பாட்டை அறிந்தால்தான் அவர் கொடையின் அளவு விளங்கும். 1911இல் இங்கிலாந்தில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி மருத்துவ உதவி 1913 சனவரியில், அதாவது மூடி பெக்கத்தில் கடை விரிப்பதற்கு ஒரு மாதம் முன்புதான், நடைமுறைக்கு வந்தது. கூலி வேலை செய்யும் ஆண் வாரந்தோறும் நான்கு பென்சு கட்டுவான். முதலாளி மூன்று பென்சு. அரசு இரண்டு பென்சு. இதற்கு ஈடாகப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் அவன் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம். பேனல் மருத்துவர் என்பது அம்மருத்துவர்க்கு வழங்கிய பெயர். இந்தக் காப்பு உழைக்கும் ஆளுக்கு மட்டுமே உரியது. அவன் மனைவிக்கு இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. வீட்டிலே ஈட்டாத உயிர்களுக்கு நோய் வந்தால் காசு கொடுத்தே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காசில்லாத வீட்டில் தாய் தன் நோயை மறைப்பாள். குழந்தையின் நோயைக் கைமருந்தால் தள்ளிப் பார்ப்பாள். முற்றிய பின் ஓடுவாள். 1948 வரை இதுவே நிலை.

இந்த இடைவெளியில்தான் மூடி நின்றார். பணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கட்டணம் வாங்காமல் மருத்துவம் பார்த்தார். சட்டம் விட்டுவிட்ட குழந்தைகளை அவர் சேர்த்துக்கொண்டார் எனலாம். அவர் செல்வர் அல்லர். ஆறு பிள்ளைகளின் தந்தை. மருத்துவத் தொழிலே வருவாய். அந்த வருவாயிலிருந்தே இந்த ஈகையும், பின்னர்க் கூறப்போகும் பிற ஈகைகளும் நடந்தன. மற்றொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவருக்கு இடம் தர மறுத்த கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை, அதே 1913ஆம் ஆண்டில் நகர நடுவிலிருந்து பெயர்ந்து கேம்பர்வெல் பகுதியின் டென்மார்க் ஹில்லுக்கு வந்து சேர்ந்தது. பெக்கத்திலிருந்து அது நடைத் தொலைவுதான். மறுத்த இடமும் மறுக்கப்பட்டவரும் எஞ்சிய காலமெல்லாம் அண்டை அயலாராய் இருந்தனர்.

1922இல் குடும்பம் பெக்கத்திலேயே குவீன்ஸ் சாலை 164ஆம் எண்ணுள்ள பெரிய வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இலண்டனுக்கு வரும் மாணவர், செவிலியர், எழுத்தாளர் பலர்க்கு இவ்வீடே முதல் நிழலாயிற்று. ஊரெங்கும் கதவு சாத்தப்படும்போது, பெக்கத்தில் மருத்துவர் ஒருவர் வீடு உண்டு என்ற செய்தி வாய்வழியே பரவிற்று. மூடியின் வரலாற்றை எழுதியோர் இவ்விருந்தோம்பலைப் பலபடப் பாராட்டியுள்ளனர். சமைத்தவர், படுக்கை விரித்தவர், ஆறு பிள்ளைகளுக்கு நடுவே வந்தவர் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டவர் ஆலிவ் அம்மையார். அவருக்கு அவ்வரலாறுகளில் கிடைத்த இடம் சில வரிகளே. கறுப்பர் ஒருவரை மணந்த வெள்ளைப் பெண்ணுக்கு அக்காலத் தெருக்களில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். விருந்தோம்பலை இல்லறத்தின் தலையாய கடனாக வைத்துப் பாடிய மொழிக்கு உரியவர்களாகிய நாமேனும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1923இல் தம்பி ரொனால்ட் மூடி பல் மருத்துவம் படிக்க வந்தார். படித்தும் முடித்தார். ஆனால் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் எகிப்தியச் சிலைகளைக் கண்ட நாள்முதல் அவர் உள்ளம் கல்லிலும் மரத்திலும் சென்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் குறிப்பிடத்தக்க சிற்பிகளுள் ஒருவராக அவர் இன்று மதிக்கப்படுகிறார்.

1932இல் ஜமைக்காவிலிருந்து உனா மார்சன் என்னும் இளம் பெண் கவிஞர் வந்து இவ்வீட்டில் தங்கினார். அதற்கு முந்திய ஆண்டு, 1931 மார்ச் 13ஆம் நாள், இலண்டன் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் கூடிய கூட்டமொன்றில், நிற மக்கள் சங்கம் என்று தமிழில் சொல்லத்தக்க அமைப்பை மூடி நிறுவியிருந்தார். உறுப்பினர் நலம் காத்தல், உலகெங்கும் உள்ள நிற மக்களின் வாழ்வில் அக்கறை கொள்ளல், இனங்களுக்கிடையே நல்லுறவு வளர்த்தல் ஆகியவை அதன் நோக்கங்கள். உனா மார்சன் அதன் செயலாளர் பணியை ஏற்றார். சங்கம் 1933இல் தி கீஸ் என்னும் இதழைத் தொடங்கிற்று. பியானோவின் கறுப்புக் கட்டைகளும் வெள்ளைக் கட்டைகளும் சேர்ந்தால்தான் இசை பிறக்கும் என்ற ஆப்பிரிக்கக் கல்வியாளர் அக்ரியின் உவமையிலிருந்து வந்த பெயர் அது. பின்னாளில் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ் மாணவராய் இருந்தபோது இவ்விதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1934இல் உனா மார்சன் எழுதிய நாடகத்தைச் சங்கத்தாரே நடித்து இலண்டன் ஸ்காலா அரங்கில் மேடையேற்றினர்.

உனா மார்சன் பின்னர்ப் பி.பி.சி. வானொலியில் சேர்ந்தார். மேற்கிந்தியருக்கான அவருடைய ஒலிபரப்பிலிருந்து 1943இல் கரீபியன் வாய்சஸ் என்னும் இலக்கிய நிகழ்ச்சி முளைத்தது. அத்தீவுகளின் புதிய எழுத்தாளர் ஒரு தலைமுறையே அதன் வழியாக உலகிற்கு அறிமுகமாயிற்று. அவர்களுள் ஒருவர் டிரினிடாட்டில் பிறந்த சாமுவேல் செல்வன். பெயரைக் கண்டதும் நம் காது நிமிர்கிறதன்றோ? சென்னையிலிருந்து சென்று குடியேறிய தமிழர் ஒருவரின் மகன் அவர். இலண்டனுக்குப் பிழைக்க வந்தோரின் தனிமையைப் பற்றி 1956இல் அவர் எழுதிய நாவல் இன்றும் படிக்கப்படுகிறது. ஒரு மருத்துவர் வீட்டு மாடியறையில் ஒரு பெண் கவிஞருக்குக் கிடைத்த படுக்கைக்கும் இவ்விலக்கியத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும் அந்த முதல் இரவில் அவருக்கு எக்கதவும் திறவாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

சங்கத்தின் பணிகள் பல. செவிலியர் பயிற்சிக்கு மறுக்கப்பட்ட கறுப்பினப் பெண்களுக்காக மருத்துவமனைகளுக்கு மடல்கள் எழுதினர். ஏழைக் குழந்தைகளை இன்பச் சுற்றுலா அழைத்துச் சென்றனர். இவற்றினும் பெரியது கார்டிஃப் துறைமுக மாலுமிகளின் வழக்கு. 1925இல் வந்த ஓர் ஆணையைக் கொண்டு, பிரித்தானியக் குடிமக்களான கறுப்பின, அரபு மாலுமிகளையும் அதிகாரிகள் அயல்நாட்டார் என்று பதிவு செய்துவிட்டனர். 1935இல் பிரித்தானியர்க்கு வேலை தரும் கப்பல்களுக்கே அரசு உதவிப்பணம் என்ற சட்டம் வந்ததும், இம்மாலுமிகள் கூட்டமாக வேலையிழந்தனர். முதற் பெரும்போரில் இந்நாட்டுக்காகக் கடலில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்களுள் பலர். மூடியின் சங்கம் ஆட்களை அனுப்பி உண்மையைத் திரட்டி வெளியிட்டது, அமைச்சகங்களை நெருக்கியது. பலர்க்குக் குடியுரிமை மீண்டது.

அவர் போக்கில் எல்லோர்க்கும் உடன்பாடு இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். சி.எல்.ஆர். ஜேம்ஸ், ஜார்ஜ் பேட்மோர் முதலிய இடதுசாரிச் சிந்தனையாளர்க்கு மூடியின் மிதவாதம் போதவில்லை. வேண்டுகோள், தூது, மடல், தேநீர் விருந்து என்று போய்க்கொண்டிருந்தால் பேரரசு அசையுமா என்று அவர்கள் கேட்டனர். 1934இல் ஆப்பிரிக்க, மேற்கிந்திய மாணவர்க்கெனக் குடியேற்ற நாட்டு அமைச்சகத்தின் ஆதரவோடு அக்ரி இல்லம் என்னும் விடுதி திறக்கப்பட்டபோது, மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தார் அது மாணவரைக் கண்காணிக்கும் சூழ்ச்சி என்று கருதிப் புறக்கணித்தனர். அதற்குத் துணைநின்ற மூடி மீது கடுமையாகக் குறை கூறினர். அவர்கள் ஐயத்தில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மூடி அரசை எளிதில் நம்பினார். ஆங்கிலேயரின் நேர்மையில் அவர் வைத்த நம்பிக்கை சில வேளைகளில் நமக்கே சலிப்பூட்டுகிறது. ஆனால் அவர் எழுதிய மடல் ஒவ்வொன்றின் பின்னும் பெயருள்ள ஒரு மனிதர் இருந்தார். வேலை மறுக்கப்பட்டவர் ஒருவர் அல்லது விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஒருவர் இருந்தார். வாயிற்படியில் வந்து நின்றவரை முதலில் பார்ப்பது மருத்துவர் இயல்பு. கோட்பாடு நோக்கி நடந்தவர்களுக்கு அது சிறிய வேலையாகத் தோன்றிற்று. இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்த 1935க்குப் பின்னும், மேற்கிந்தியத் தீவுகளில் தொழிலாளர் கிளர்ச்சிகள் வெடித்த 1937, 1938 ஆண்டுகளிலும் மூடியின் குரலும் கடுமை பெற்றது என்பதைக் குறை கூறியவர்களே கண்டனர்.

இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டபோது அந்த வழக்கு அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. மகன் சார்லஸ் அருண்டெல் 1939இல் படையில் அதிகாரிப் பதவிக்குச் சென்றார். இலண்டனில் பிறந்து வளர்ந்த இளைஞர். கலப்பற்ற ஐரோப்பிய வழியில் வந்தவரே அதிகாரி ஆகலாம் என்ற விதியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினர். சாதாரணச் சிப்பாயாகச் சேரலாம் என்றனர். முன்பு தம்மோடு உடன்படாத அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு மூடி போராடினார். அவ்வாண்டு அக்டோபரில் அரசு இறங்கி வந்து, போர் முடியும் வரையில் அத்தடையை நீக்கிற்று. போர் முடியும் வரை என்ற வரையறை மூடிக்கு உவப்பாயில்லை. நிலையாக நீக்க வேண்டும் என்று தொடர்ந்து வற்புறுத்தினார். மகன் அதிகாரியானார்; பின்னர் மேஜர் பதவிக்கு உயர்ந்தார். மகள் கிறிஸ்டீனும் மற்றொரு மகனும் மருத்துவர்களாகிப் படை மருத்துவப் பிரிவில் சேர்ந்தனர். தந்தைக்கு ஒரு மருத்துவமனை மறுத்ததை மக்களுக்குப் பேரரசின் படையே கொடுத்தது.

1940இல் பி.பி.சி. அறிவிப்பாளர் ஒருவர் கறுப்பினத்தாரை இழித்துரைக்கும் சொல்லை வானொலியில் கூறிவிட்டார். மூடி மடல் எழுதினார். அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அச்சொல்லை முதன்முதலில் ஒரு குழுவின் வாயிலிருந்து அவர் கேட்டு முப்பது ஆண்டுகள் ஆகப்போகும் வேளை அது.

போர்க்கால இலண்டனில் அவர் மருத்துவப் பணி ஓயவில்லை. குண்டுகள் விழுந்த பகுதிகளுள் பெக்கமும் ஒன்று. 1944 நவம்பர் 25, சனிக்கிழமை நண்பகல். குவீன்ஸ் சாலை வழியே சிறிது தொலைவு சென்றால் வரும் நியூ கிராஸ் பகுதியில், உல்வொர்த் கடையின் மீது ஜெர்மானிய வி-2 ஏவுகணை விழுந்தது. விடுமுறை நாள் என்பதால் கடை நிறையத் தாய்மாரும் குழந்தைகளும் இருந்தனர். 168 பேர் மாண்டனர். அங்கு விரைந்த மருத்துவர்களுள் மூடியும் ஒருவர். அப்போது அவர் அறுபத்திரண்டு அகவை நிறைந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பகுதி மக்களுக்கு மருத்துவம் பார்த்தவர் அவர். அன்று இடிபாடுகளிடையே கண்ட முகங்களில் எத்தனை அவருக்குத் தெரிந்த முகங்களோ.

அதே 1944இல், நிறம் பாராமல் ஆண் பெண் அனைவர்க்கும் பொருளாதார, கல்வி, சட்ட, அரசியல் உரிமைகள் சமமாக வேண்டும் என்றும், வேலையிலும் விடுதிகளிலும் பொது இடங்களிலும் காட்டும் வேற்றுமை சட்டப்படி குற்றமாக வேண்டும் என்றும் கோரும் உரிமைப் பட்டயத்தைச் சங்கம் வெளியிட்டது. இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் முதன்முதலாக வந்தது 1965இல்.

மூடிக்கு எஞ்சியிருந்த ஆசை ஒன்று. இலண்டனில் நிற மக்களுக்கென ஒரு பண்பாட்டு நிலையம் எழுப்ப வேண்டும். தம் வீடு செய்துவந்த வேலையை ஒரு கட்டடம் நிலையாகச் செய்ய வேண்டும். அதற்குப் பொருள் திரட்ட 1946இன் இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் சென்றார். எண்ணிய தொகை சேரவில்லை. உடல் நலிந்து திரும்பினார். 1947 ஏப்ரல் 24ஆம் நாள், குவீன்ஸ் சாலை 164ஆம் எண் வீட்டிலேயே உயிர் நீத்தார். அகவை அறுபத்து நான்கு. கேம்பர்வெல் கிரீன் ஆலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டின்போது ஆயிரக்கணக்கானோர் வந்து அஞ்சலி செலுத்தினர். அமைச்சக அலுவலர், சபைத் தலைவர், மாணவர் என்றிவர்களோடு, கறுப்பரிடம் மருத்துவம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று கேம்பர்வெல் குழு யாரைப் பற்றித் தீர்ப்பளித்ததோ அந்தப் பெக்கத்து ஏழைகளும் அக்கூட்டத்தில் நின்றனர்.

அடுத்த ஆண்டு, 1948 சூன் 22ஆம் நாள், எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் மேற்கிந்தியர் பல நூறு பேரை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைக்கு வந்தது. பதின்மூன்று நாள் கழித்து, சூலை 5ஆம் நாள், தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கிற்று. மனைவிக்கும் குழந்தைக்கும் மருத்துவரிடம் காசு கொடுக்க வேண்டாத நாள் வந்தது. அந்தப் பணிக்குத் தோள் கொடுக்க மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து செவிலியரும், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மருத்துவர்களும் ஆயிரக்கணக்கில் சென்றனர். நம் குடும்பங்களிலும் அத்தகையோர் உண்டு. மூடி இவற்றுள் எதையும் காணவில்லை. அவர் நிறுவிய சங்கம் அவருக்குப் பின் சில ஆண்டுகளே நின்றது. பண்பாட்டு நிலையம் எழவேயில்லை.

ரொனால்ட் மூடி 1946இல், அண்ணன் அக்கடைசிப் பயணம் புறப்பட்ட ஆண்டில், அவர் தலையைச் சிலையாக வடித்தார். நெற்றி அகன்றிருக்கிறது. கண்கள் நேரே பார்க்கின்றன. குவீன்ஸ் சாலை வீட்டுச் சுவரில் 1995இல் நீல நிற நினைவு வட்டம் பதிக்கப்பட்டது. பெக்கத்துக்கு அருகில் சிறு பூங்கா ஒன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது; மாலை வேளைகளில் பல நாட்டுக் குழந்தைகள் அங்கே விளையாடுகிறார்கள்.